பத்து கிலோவுக்கு ஒரு குப்பி

ஜூலை 2, செவ்வாய்

காலை 11.20. மருந்துக் கிடங்குக் குளிர்பெட்டியில் ஃபேக்டர் எட்டு: 14 குப்பி. எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன். பிறகு யாரும் வந்து "எண்ணிப் பாத்தீங்களா ஜெயசீலன்?" என்று கேட்கக் கூடாது.

11.25க்கு அவசரப் பிரிவிலிருந்து போன். சபரீசன், ஏழு வயது. பள்ளிக்கூடக் குழாயடியில் வழுக்கி விழுந்து பின்மண்டை சிமெண்டில் அடித்திருக்கிறது. வேறு பையனாக இருந்தால் புடைக்கும், அழுவான், வீட்டுக்குப் போவான். இவனுக்கு ஹீமோஃபிலியா. இரத்தத்தை உறையவைக்கும் எட்டாவது ஃபேக்டர் இவன் உடம்பில் அநேகமாக இல்லை. நாம்தான் ஊசியில் ஏற்ற வேண்டும். தலைக்குள் கசிய ஆரம்பித்தால் தானாக நிற்காது. இவனுக்கு வலது காதில் மட்டும் துளை உண்டு. காது குத்தன்று ஒரு காது குத்தியதும் இரத்தம் இரண்டு நாள் நிற்கவில்லை. இன்னொரு காதை அப்படியே விட்டுவிட்டார்கள். நோய் தெரிந்ததே அன்றுதான்.

நான் குப்பிகளோடு போனபோது டியூட்டி டாக்டர் வைரமணி, முதலில் ஸ்கேன் எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் இருப்பது மதுரையில். எழுபது கிலோமீட்டர். மருந்து முதலில், படம் அப்புறம் என்று உலகத்தில் எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அடுத்தது எடை. இந்த மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். தலைக்காயம் என்றால் ஒரு கிலோவுக்கு ஐம்பது யூனிட். பிலோமினா சிஸ்டர் என்ன செய்தார்? பையனின் அம்மாவைப் பார்த்து, "எத்தன கிலோம்மா இருப்பான்?" என்றார். அந்த அம்மா, சண்முகக்கனி, தீப்பெட்டி ஆபீஸ் வேலை உடுப்போடு ஓடி வந்தவர், "பதினாறு இருப்பான் சிஸ்டர்" என்றார். சீட்டில் பதினாறு ஏறிவிட்டது. சுவரில் இருக்கும் என் அட்டவணையைப் பார்த்தார்கள்: தலைக்காயம், பத்து கிலோவுக்கு ஒரு குப்பி. பதினாறுக்கு இரண்டு. இரண்டு குப்பியை ஏற்றினார்கள். முடிந்தது வேலை. கத்தரிக்காயைக்கூடத் தராசில் போடாமல் யாரும் வாங்குவதில்லை.

அந்தப் பையன் பதினாறு கிலோ என்றால் நான் முப்பது கிலோ. வெளிநோயாளி பிரிவுக்கு ஓடி எடை மிஷினைத் தூக்கி வந்தேன். நடக்கவிடக் கூடாது என்பதால் தாயின் இடுப்பில் வைத்து மிஷின்மேல் நிறுத்தினேன்: 70.2. தாயை மட்டும் நிறுத்தினேன்: 46.8. கழித்தால் 23.4. என் அட்டவணைப்படி மூன்று குப்பி. மூன்றாவதை நானே கலந்து கொடுத்தேன். குப்பிக்கு ஐந்நூறு, ஆக 1,500 யூனிட். தேவை 1,170. குறையில்லை. 12.10க்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது.

இதற்கு நடுவில் சிஸ்டருக்கு ஒரு சந்தேகம். "தம்பி, இப்பல்லாம் பாட்டில் எளச்சுப் போச்சே. சாப்பாடு போடலயா?" தூள் மருந்துக்குப் பாட்டிலின் உடம்பை வைத்து என்ன கண்டுபிடிக்கப் போகிறார்? கம்பெனி மாறியிருக்கும், வேலையைப் பாருங்கள் என்றேன். பார்க்க வேண்டிய எடையைப் பார்க்காதவர் பாட்டிலை மட்டும் பார்க்கிறார்.

மதியம் உட்கார்ந்து தலைமை மருத்துவருக்குப் புகார் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். தேதி, நேரம், எடை, பெயர் எல்லாம் போட்டு. மழுப்பவில்லை.

சாயங்காலம் ரியாஸின் அப்பா காதர் பாய் வந்தார். சைக்கிள் கடை வைத்திருப்பவர். பையனுக்குப் பதினோரு வயது, அதே நோய், அதே முழங்கால் வீக்கம், மூன்று வாரத்தில் மூன்றாவது முறை. இரண்டு குப்பி கொடுத்தோம். மருந்து போட்ட காலோடு பிள்ளையை ஓடவிட்டால் நான் என்ன செய்வது என்று கேட்டேன். "ஓடலயே தம்பி, கட்டில விட்டு எறங்கல" என்றார். எல்லா அப்பாவும் இதைத்தான் சொல்கிறார்கள்.

மீதி 9 குப்பி.

ஜூலை 3, புதன்

குளிர்பெட்டி வெப்பம் காலை 5 டிகிரி. நாய்க்கடி ஊசிக்கு வரிசை வாசல்வரை. இரும்புச்சத்து மாத்திரை பதினான்கு பெட்டி வந்தது, தூக்கி அடுக்க ஆள் இல்லை, நானே அடுக்கினேன்.

தலைமை மருத்துவர் கூப்பிட்டுப் புகார் தெளிவாக இருக்கிறது என்றார். நடவடிக்கை எடுப்பதாகச் சொன்னார். இந்த மருத்துவமனையில் ஒரு காகிதத்தை முழுசாகப் படித்த முதல் மனிதர்.

மூன்று மணிக்கு மதுரை பெரிய மருத்துவமனையிலிருந்து டாக்டர் நிஷா பேசினார். இரத்தநோய்ப் பிரிவு. சபரீசனுக்குத் தலைக்குள் கசிவு இருக்கிறது. நேற்று மதியம் எடுத்த ஸ்கேனில் சின்னதாக இருந்தது, சாயங்காலம் எடுத்ததில் கொஞ்சம் பெரிதாகி இருந்தது. மேற்கொண்டு மருந்து ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். வலது கை பிடிமானம் குறைவு. எவ்வளவு யூனிட் கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஆயிரத்து ஐந்நூறு என்றேன்.

"ரத்தத்துல காணோமே" என்றார். "இங்க வந்து இறங்கினப்ப அம்பத்தஞ்சு சதவீதம்தான் இருந்துச்சு. நீங்க சொல்ற அளவு போயிருந்தா நூறுக்கு மேல இருக்கணும். லேபிளப் பாத்துட்டுக் கூப்பிடுறீங்களா?"

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அவர்கள் ஆய்வகத்தில் மாதிரியை வெயிலில் வைத்திருப்பார்கள். பெரிய ஊர் என்றால் தப்பே நடக்காதா? தாலுகாவிலிருந்து போனாலே சந்தேகம். நம் கணக்கை மட்டும்தான் திருப்பிக் கேட்பார்கள்.

நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

குளிர்பெட்டி வெப்பம் 5 டிகிரி. ஃபேக்டர் எட்டு 9 குப்பி. லேபிள் படித்தேன்.

ஜூலை 5, வெள்ளி

நாய்க்கடி 31 பேர். குழாயில் தண்ணீர் இல்லை. சட்டை துவைக்கவில்லை.

ஜூலை 6, சனி

அந்தக் கம்பெனிக்காரனை நடுரோட்டில் நிறுத்தி நாலு கேள்வி கேட்க வேண்டும். ஐந்நூறு யூனிட் குப்பிக்கும் நீல மூடி, இருநூற்றைம்பது யூனிட் குப்பிக்கும் அதே நீல மூடி. அதே அட்டைப்பெட்டி. எண் மட்டும் எறும்பு எழுத்தில். மூக்குப்பொடி டப்பாகூடச் சின்னது, பெரியது என்று வேறு வேறு நிறத்தில் வருகிறது. பிள்ளைகளின் மூளைக்குப் போகிற மருந்துக்கு ஒரு நிறம் மாற்ற முடியாதா?

வாங்கி அனுப்புகிறவர்களையும் கேட்க வேண்டும். இரண்டு வருடமாக ஐந்நூறு அனுப்பிவிட்டு, ஏப்ரல் 11 அன்று அறுபது குப்பி இருநூற்றைம்பதை இறக்கியிருக்கிறார்கள். ஒரு போன் உண்டா? ஒரு சுற்றறிக்கை உண்டா? வண்டிக்காரர் அவசரப்படுத்துவார், பெட்டியை எண்ணு, கையெழுத்துப் போடு என்பார். கையெழுத்துப் போடுகிறவனுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும்.

பிரிண்டரும் ஒரு காரணம். எங்கள் ஆபீஸ் பிரிண்டர் ஏ-ஃபோர் தாளைத் தவிர எதையும் விழுங்காது. ஃபேக்டர் எட்டு இருப்புப் பட்டியலில் ஒன்பது கட்டங்கள் இருந்தால் கடைசிக் கட்டம் வெட்டுப்படும். மார்ச்சில் ஒரு கட்டத்தை எடுக்க வேண்டியிருந்தது. 'வீரியம்' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை 500, 500, 500 என்றுதான் இருந்தது. மாறாத எண்ணுக்கு எதற்கு ஒரு கட்டம்? பொறியியல் படித்த யாரும் அதைத்தான் எடுப்பார்கள். பார்மசி படித்தவனும்.

ஜூலை 7, ஞாயிறு

விடுமுறை. சட்டை துவைத்தேன். நான்கு.

கணக்கு: அறுபது வந்தது, ஒன்பது இருக்கிறது. ஐம்பத்தொன்று போயிருக்கிறது. பதிவேட்டின்படி இருபத்திரண்டு முறை, ஆறு குழந்தைகள். எல்லாருக்கும் பாதி.

சபரீசனுக்குப் போனது 750.

ரியாஸ் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

பிலோமினா சிஸ்டருக்கு மெமோ வந்துவிட்டது. "தலைக்காயத்துடன் வந்த ஹீமோஃபிலியா குழந்தையின் எடையை அளக்காமல் மருந்து அளவு தீர்மானித்தது ஏன், மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்." என் புகாரிலிருந்து ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். புதன் மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர் கிடங்குக்கு வந்தார். சண்டைக்கு என்று நினைத்துத் தயாராக இருந்தேன். டிபன் டப்பாவைத் திறந்து ஒரு வடையை என் பக்கம் தள்ளினார். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம், முப்பத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் மெமோ என்று சாதாரணமாகச் சொன்னார். பிறகு மெமோவையும் இரண்டு வெள்ளைத் தாளையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"பதில் நீங்கதான் எழுதித் தரணும் தம்பி. எனக்கு ஊசி போட வரும், இந்த மாதிரி எழுத வராது. புகாரே அவ்வளவு நல்லா இருந்துச்சாம், ஆபீஸ்ல சொன்னாங்க."

குத்திக் காட்டுகிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இரண்டும்தான்.

என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். எடை பார்க்காதது தப்பு, ஒத்துக்கொள்கிறேன் என்று எழுதச் சொன்னார். மிஷின் இல்லையே என்றேன். அதற்கு அவர் பையிலிருந்து மூன்று காகிதம் எடுத்தார். அவசரப் பிரிவுக்கு ஓர் எடை மிஷின் வேண்டும் என்று அவர் கொடுத்த விண்ணப்பங்களின் நகல். நான்கு வருடத்தில் மூன்று. ஒவ்வொன்றிலும் 'பெறப்பட்டது' முத்திரை. முதல் விண்ணப்பத்துக்கு ஒரு மிஷின் வந்ததாம். அதைப் பிரசவ வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் எங்கே போயின என்று தெரியாது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. முத்திரை குத்தத் தெரிந்த கைக்கு ஒரு மிஷின் வாங்கத் தெரியாதா? இதையெல்லாம் போட்டு எழுதுகிறேன், ஒருத்தனையும் விடமாட்டேன் என்றேன்.

"அதெல்லாம் வேண்டாம். தப்ப ஒத்துக்கிட்டா ஒரு வார்னிங்கோட விட்டுருவாங்க. நானும் பொழச்சுப் போயிருவேன்." எழுந்தபோது நின்று கேட்டார்: "அந்தப் புள்ளைக்குக் கை வந்துருச்சா தம்பி? மதுரைல என்ன சொல்றாங்க?"

தெரியவில்லை என்றேன். டாக்டர் நிஷாவுக்கு நான் இன்னும் திருப்பிப் பேசவில்லை.

வடை ஆறிப்போயிருந்தது. தின்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் டாக்டர் நிஷாவைக் கூப்பிட்டேன். லேபிளில் இருநூற்றைம்பது என்று சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நன்றி. குறிச்சுக்கிறேன். மத்தப் பிள்ளைங்களுக்கும் இதே குப்பிதான் போயிருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப அவங்களையும் பாக்கணும் இல்லையா?" திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன்.

பையனுக்குக் கசிவு நின்றுவிட்டது. விரல்கள் அசைகின்றன. பென்சில் பிடிக்க எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது.

பதினொரு மணிக்கு சண்முகக்கனி வந்தார். காப்பீட்டுக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். ஆபீஸில் ஆள் இல்லை, உட்காரச் சொன்னார்கள், என் கிடங்கு வாசலில் உட்கார்ந்தார். ஒரு வாரமாக மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். பிள்ளைக்கு இருபத்து மூன்று கிலோ. எதற்குப் பதினாறு என்று சொன்னீர்கள்? தெரியாதா?

"தெரியும் சார். பள்ளிக்கூடத்துல எடுத்தாகளே." தலையைக் குனிந்துகொண்டார். "அத்தன பேர் நிக்குற எடத்துல இருபத்தி மூணுன்னு எப்படிச் சொல்ல? ஏற்கெனவே தெருவே அவன் கன்னத்தத்தான் பாக்குது. நோவு புடிச்ச புள்ளைக்கு இம்புட்டு ஒடம்பான்னு கேக்குறாக. கண்ணு பட்டுரும்னு எப்பவும் கொறச்சித்தான் சொல்லுவேன்."

நான் படித்த நான்கு வருடத்தில் ஒரு புத்தகத்திலும் இது இல்லை. கண்ணேறுக்குப் பயந்து ஏழு கிலோ குறைத்துச் சொல்வார்கள் என்று யாரும் எழுதவில்லை. மருந்தளவைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதுகிறவர்கள் அந்த அவசரப் பிரிவு வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்ததில்லை. நானும் நிற்கவில்லை. தினம் குறுக்கே நடந்திருக்கிறேன்.

சண்முகக்கனியின் தம்பிக்கும் இதே நோய் இருந்ததாம். பத்தொன்பது வயதில் பல் பிடுங்கப் போனவன் வீடு திரும்பவில்லை. அதைச் சொல்லிவிட்டு, கையிலிருந்த விண்ணப்பத்தை நான்காக மடித்து, மறுபடி விரித்து, கேட்டார்.

"நான் கொறச்சிச் சொன்னதுனாலதான் மருந்து கொறஞ்சு போச்சா சார்? எம் மாமியா அப்படித்தான் சொல்லுது. நாந்தான் எம் புள்ள கைய எடுத்துட்டேன்னு சொல்லுது."

இல்லை என்றேன். எடை பார்த்து மூன்றாவது குப்பியும் கொடுத்துவிட்டோமே, உங்களால் இல்லை என்றேன்.

"அப்ப எதுனால சார்?"

ஆபீஸ் கிளார்க் வந்துவிட்டார் என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனார். பதில் சொல்ல எனக்குத் தேவையாக இருந்தது மூன்று வார்த்தை. நேரம் இருந்தது. கிளார்க் வருவதற்கு முன்னாலேயே இருந்தது.

ஜூலை 10, புதன்

பிற்பகல் 2.15. குளிர்பெட்டி வெப்பம் 5 டிகிரி. ஃபேக்டர் எட்டு 9 குப்பி, ஒவ்வொன்றும் 250 யூனிட்.

சிஸ்டருக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன். "குழந்தையின் எடையை அளக்கத் தவறியது என் பிழை" என்று முதல் வரி வந்தது. நல்ல வரி. இதை மட்டும் கொடுத்தால் விஷயம் முடிந்துவிடும். ஒரு வார்னிங். யாருக்கும் சேதமில்லை. கம்பெனியைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதிவிட்டுப் பட்டியலில் ஒரு கட்டத்தைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம். ஏப்ரல் 11 ரசீதில் என் கையெழுத்துக்கு நேர் மேலே, தட்டச்சில், 250 என்று இருக்கிறது. அதை யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. இங்கே யார் எதைப் பார்த்தார்கள்?

பேனாவை வைத்துவிட்டு அவசரப் பிரிவுக்குப் போனேன். சுவரில் என் அட்டவணை. லேமினேஷன் பளபளப்பு போகவில்லை. பத்து கிலோவுக்கு ஒரு குப்பி. ஃபார்முலா தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று யூனிட்டை எடுத்துவிட்டுக் குப்பி என்று போட்டது நான். கீழே கொட்டை எழுத்தில்: தயாரிப்பு, ஜெ. ஜெயசீலன், பி.பார்ம். அதன் கீழ் ஒரு பெண் மடியில் காய்ச்சல் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். பிலோமினா சிஸ்டர் எத்தனை கிலோ என்று கேட்கவில்லை. பிரசவ வார்டிலிருந்து மிஷினை இழுத்து வந்து வைத்திருக்கிறார். மெமோ வாங்கிய மூன்றாம் நாள்.

என்னைப் பார்த்ததும், எழுதியாச்சா தம்பி என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய் இல்லை. திரும்பி வந்து அவர் தாளை மடித்து வைத்துவிட்டு என் தாளை எடுத்தேன். என் பெயரில் முதல் வரி எழுத நாற்பது நிமிடம் ஆனது. புகாரின் ஒன்றரைப் பக்கம் இருபது நிமிடத்தில் வந்தது.

இப்போது மணி 3.25. செய்ய வேண்டியவை:

1. நான்கு மணிக்குள் என் கடிதத்தைத் தலைமை மருத்துவர் கையில் கொடுப்பது. ஆபீஸில் போடக் கூடாது, முத்திரை குத்தி எங்கேயோ வைத்துவிடுவார்கள். ஏப்ரல் 11 ரசீதின் நகல் இணைப்பு. ஜூலை 2 அன்று பாட்டில் சிறிதாக இருக்கிறது என்று கேட்டவர் பிலோமினா சிஸ்டர், வேலையைப் பாருங்கள் என்றவன் நான் என்பது இரண்டாம் பத்தியில் இருக்கிறது. அடிக்கக் கூடாது.

2. அதன் பிறகு சிஸ்டரிடம் சொல்வது. அவர் காகிதம் மூலம் அறியக் கூடாது. அவருடைய மூன்று விண்ணப்பங்களையும் அவர் விளக்கத்தோடு இணைப்பது, அவர் வேண்டாம் என்றாலும்.

3. சுவரில் இருக்கும் அட்டவணையை எடுப்பது. லேமினேஷன் கையால் கிழியாது, கத்தரிக்கோல் கொண்டுபோக வேண்டும்.

4. புது அட்டவணை. குப்பி என்ற சொல் இருக்காது. எடை, யூனிட், 'குப்பியின் மேல் உள்ள எண்ணை உரக்கப் படி' என்று ஒரு வரி. கீழே என் பெயர் இருக்கும், போன் நம்பரோடு. தப்பு என்றால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும்.

5. எடையை மட்டும் உரக்கப் படிக்கக் கூடாது. எழுதித் தாயிடம் காட்டினால் போதும்.

6. வீரியம் என்ற கட்டத்தைத் திரும்பச் சேர்ப்பது. அடங்காவிட்டால் இரண்டு தாள்.

7. சபரீசன் வீடு தவிர மற்ற ஐந்து வீட்டுக்கும் போன். முதலில் காதர் பாய். பிள்ளை ஓடவில்லை என்று அவர் சொன்னது சரி என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

8. 5.40 மதுரை பஸ். சண்முகக்கனி கேட்ட கேள்விக்குப் பதில், மாமியார் பக்கத்தில் இருக்கும்போது.

9. இனி சிஸ்டர் எதைக் கேட்டாலும், பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வது.